தட்டைக் குறைப்பதா, நடையைக் கூட்டுவதா? தருமபுரியில் ஒரு வீட்டுக் கணக்கு

பாலக்கோட்டிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். தையல் கடை வைத்திருக்கிறாள். காலை ஒன்பதுக்கு மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டு வரை எழுந்திருக்க நேரமில்லை. "அண்ணி, எட்டுக் கிலோ எறங்கிட்டீங்களாமே. எனக்கு ரெண்டையும் செய்ய முடியாது. சாப்பாட்டக் குறைக்கட்டுமா, நடக்கட்டுமா? ஏதாவது ஒன்னு சொல்லுங்க" என்றாள்.

ஒன்றுதான் என்றால் சாப்பாடு என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பாதிப் பதிலைச் சொன்னது உறுத்தியது. மீதிப் பாதியைச் சொல்லாததால் என் தம்பி பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் எங்கள் வீட்டிலேயே மூன்று பேர் மூன்று வழியில் போய்ப் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுவது என் தொழில். ஆகவே எண்கள் கொஞ்சம் அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரின் வழி: நடை மட்டும்

அவர் தினமும் காலை ஐந்தரைக்கு மாவட்ட விளையாட்டு மைதானத்துக்குப் போகிறவர். நண்பர்கள் ஆறு பேர். ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடப்பார்கள். மழை பெய்தாலொழிய நிற்காத கோஷ்டி. ஐந்து மாதம் நடந்து அவர் இறங்கியது ஒரே ஒரு கிலோ.

ஏன் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். நடந்து முடித்ததும் நேராக டீக்கடை. ஆளுக்கொரு டீ. பேப்பரில் எண்ணெய் ஊறிய போண்டா இரண்டு. "நடந்தாச்சில்ல, பரவால்ல" என்று ஒருவர் சொல்ல மூன்றாவதும் வந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அவர் 80 கிலோ. அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் மொத்தம் 280 கலோரி செலவாகும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு 80 கலோரி எரித்திருக்கும். ஆக நடையால் கூடுதலாகப் போனது 200. போனில் இருக்கிற நடைக்கணக்கு ஆப் பல நேரம் அந்த 280ஐத்தான் காட்டும். அவரும் அதை நம்பித்தான் சாப்பிட்டார். சர்க்கரை போட்ட பால் டீயும் இரண்டு போண்டாவும் அந்த 200ஐ மைதானத்தின் கேட்டைத் தாண்டியதுமே விழுங்கிவிடும். மூன்றாவது போண்டா கடன்.

போண்டாவே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் கணக்கு பெரிதாக இல்லை. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி போக வேண்டும். தினம் 200 என்றால் மாதம் 6,000. ஒரு நாள் விடாமல் நடந்து, ஒரு கவளம் கூடாமல் சாப்பிட்டால் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதற்கும் உடம்பு முழுசாக ஒத்துழைப்பதில்லை. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழும் ஹாட்சா மக்களின் அன்றாடக் கலோரிச் செலவை அளந்த ஓர் ஆய்வு 2012இல் வந்தது. நாளெல்லாம் நடக்கிற அவர்கள், உடல் அளவை ஈடுகட்டிப் பார்த்தால், ஆபீசில் உட்கார்ந்திருக்கிற அமெரிக்கர்களை விட அதிகமாக எரிப்பதாகத் தெரியவில்லை. நடையில் செலவழித்ததை உடம்பு வேறெங்கோ மிச்சம் பிடித்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அது எங்கே என்று எனக்குத் தெரியும்: நடந்து வந்த நாளில் அவர் மதியம் ஒரு மணி நேரம் சோபாவை விட்டு எழுவதில்லை.

அப்படியானால் நடை வீணா? அதைத்தான் மறுக்கிறேன். அவருக்கு எடை அசையவில்லையே தவிர இடுப்பு மூன்று சென்டிமீட்டர் சுருங்கியது, இரத்த அழுத்தம் இறங்கியது, மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது. சென்னையில் நடந்து 2006இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பற்றி மருத்துவர் ஒருவர் சொன்னார். சர்க்கரை வரும் நிலையிலிருந்த 531 பேரை வைத்து மூன்று ஆண்டு பார்த்தார்கள். உணவைச் சீர்செய்து நடக்கவும் வைத்தவர்களில் நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டியது, அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு காட்டாத லாபம் என்று ஒன்று இருக்கிறது. எடை குறையவில்லையே என்று மைதானத்துக்குப் போவதை நிறுத்துகிறவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

என் தம்பியின் வழி: வாயைக் கட்டுவது

இவன் கதை சீக்கிரம் முடிந்துவிடும். கல்யாணத்துக்கு முன் எடை குறைக்க வேண்டும் என்று ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் இரண்டு சப்பாத்தி. உடற்பயிற்சி கிடையாது. பத்து வாரத்தில் ஒன்பது கிலோ இறங்கினான். முகூர்த்தப் போட்டோவில் கன்னம் ஒட்டி, ஆள் நன்றாகவே இருக்கிறான். தலைமுடி கொட்டியது போட்டோவில் தெரியாது. மறுவீட்டு விருந்தில் தொடங்கி அடுத்த எட்டு மாதத்தில் பதினொரு கிலோ ஏறினான்.

இங்கே என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் நடுமையம். உணவை மட்டும் வெட்டினால் போவது கொழுப்பு மட்டுமல்ல. இறங்கும் எடையில் சுமார் கால் பங்கு தசையும் அதைச் சேர்ந்ததுமாக இருக்கும். புரதம் இல்லாமல், அவசரமாக இறங்கினால் இன்னும் மோசம். திரும்ப ஏறும்போது தசை அதே அளவுக்குத் திரும்பி வரும் என்று நம்ப முடியாது. ஆக அவன் பழைய எடைக்கு வந்தபோது பழைய உடம்புக்கு வரவில்லை. அதே தராசு முள், ஆனால் உள்ளே கொழுப்பு கூடுதல்.

இதை ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருக்கிறார்கள். 65 வயதும் அதற்கு மேலுமான பருமனானவர்கள் 107 பேரை நான்காகப் பிரித்தார்கள்: உணவு மட்டும், பயிற்சி மட்டும், இரண்டும், எதுவும் இல்லாதவர்கள். ஓராண்டு முடிந்து 2011இல் முடிவு வந்தது. உணவு மட்டும் குறைத்தவர்களுக்கு 10 சதவீத எடை போனது. இரண்டும் செய்தவர்களுக்கு 9. வாரம் மூன்று நாள் ஒன்றரை மணி நேரம் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எடை குறையவில்லை. இதுவரை படித்தால் என் நாத்தனாருக்கு நான் சொன்ன பதில் சரி. ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள்: கொழுப்பு நீங்கலான உடல் எடை உணவுக் கூட்டத்தில் 5 சதவீதம் குறைந்தது, இரண்டும் செய்தவர்களில் 3 சதவீதம்தான். எழுந்து, நடந்து, படி ஏறி, பொருள் தூக்கும் திறனை மதிப்பெண் போட்டபோது உணவுக்கு 12, பயிற்சிக்கு 15, இரண்டும் செய்தவர்களுக்கு 21 சதவீத முன்னேற்றம்.

எவ்வளவு இறங்குகிறது என்பதைச் சாப்பாடு முடிவு செய்கிறது. இறங்கியதில் எது போகிறது, எது மிஞ்சுகிறது என்பதை உடற்பயிற்சி முடிவு செய்கிறது. இரண்டும் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் அல்ல. ஒன்றை ஒன்றோடு தராசில் வைத்து ஒப்பிட்டதில்தான் நாங்கள் எல்லோரும் தப்புச் செய்தோம்.

நான் செய்தது

எனக்கு 43 வயது, உயரம் 156 சென்டிமீட்டர், அப்போது எடை 74 கிலோ. உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் உடல் நிறை எண் 30. இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் பருமன் என்பது நம் மருத்துவர்களின் கணக்கு. இடுப்பு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. எனக்கு 97.

தீபாவளிப் பலகாரம் தீர்ந்த மறுநாள் நான் வாங்கியது ஒரு சமையல் தராசு. முதலில் நிறுத்தது களி உருண்டையை. எங்கள் பக்கம் களி என்றால் உடம்புக்கு நல்லது, எவ்வளவு தின்றாலும் சதை போடாது என்றொரு நம்பிக்கை. நொய்யரிசி வெந்ததும் ராகி மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டி, ஈரக் கையால் உருட்டி வைத்தேன். ஓர் உருண்டை 300 கிராம். அதில் மாவும் நொய்யும் சேர்ந்து 90 கிராம், மீதி தண்ணீர். கலோரி 300. நான் தின்றது இரண்டு உருண்டை.

கலோரியில் ராகிக்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நூறு கிராம் ராகி மாவு 320, அரிசி 350, அவ்வளவே. ராகியின் பெருமை வேறிடத்தில்: நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, 11 கிராம் நார். அரிசியில் சுண்ணாம்பு பத்து மில்லிகிராம்கூடத் தேறாது. நார் இருப்பதால் ஓர் உருண்டையிலேயே வயிறு நிறையும், அதுதான் அதன் உதவி. இரண்டாவது உருண்டைக்கு அந்த உதவி தேவையில்லை. என் மாமியார் இதையெல்லாம் தராசு இல்லாமலே சொன்னார்: "நாங்க களியத் தின்னுட்டு பொழுதெறங்குற வரைக்கும் கள வெட்டுனோம். நீ நாற்காலியில உக்காந்துகினு ரெண்டு உருண்ட தின்னா அது எங்க போவும்?"

அதற்கடுத்து எண்ணெய். நாலு பேர் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் கடலெண்ணெய் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு ஒரு நாளைக்கு 340 கலோரி, வெறும் தாளிப்பிலும் வதக்கலிலும் மட்டும். கேனின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் வாரத்துக்கொரு கோடு போட்டு மூன்று லிட்டருக்குக் கொண்டுவந்தேன். தலைக்கு 135 மிச்சம், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மதியச் சோற்றை 150 கிராம் அரிசியிலிருந்து 90க்கு இறக்கினேன், 210 மிச்சம். தினம் மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரையை ஒன்றாக்கினேன், 60. கூட்டினால் 400க்குப் பக்கம். என் வீட்டுக்காரர் இதை எரிக்கப் பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். நான் நாற்காலியில் இருந்தபடியே செய்தேன். தட்டின் பலம் இதுதான், அதில் சந்தேகமே இல்லை.

எட்டு வாரத்தில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இறங்கினேன். முதல் வாரமே ஒன்றேகால் கிலோ காட்டியது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்: உடம்பில் சேமித்திருக்கிற மாவுச்சத்து கரையும்போது ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். மூன்றாவது வாரம் முள் அசையாமல் நின்றதும் இதே கணக்கின் மறுபக்கம்: தண்ணீர் திரும்பிச் சேர்ந்தால் கொழுப்பு கரைவது முள்ளில் தெரியாது.

ஒன்பதாவது வாரம் நடை சேர்த்தேன். ஏன் முதல் நாளே சேர்க்கவில்லை? புதிதாக நடக்கத் தொடங்குகிறவருக்குப் பசி எடுக்கும், பசியோடு சோற்றையும் குறைத்தால் மாலை நாலு மணிக்கு வறுத்த கடலை டப்பா காலியாகும். கை நிறைய 30 கிராம் கடலையில் 170 கலோரி. எனக்கு அது முன்பே நடந்திருக்கிறது. சாப்பாட்டு அளவு பழக்கமாகி, கை தானாகவே அளவோடு போடத் தொடங்கிய பிறகு நடை சேர்ந்ததால் இந்த முறை கடலை டப்பா தப்பித்தது. இது எனக்கு ஒத்துவந்த வரிசை. முதல் நாளே இரண்டையும் தொடங்கிச் சாதித்தவர்களும் உண்டு.

தசைக்கான பயிற்சிக்கு ஜிம் என்றார்கள். ஒரு ஜிம்மில் ஆறு மாதப் பணம் கட்டி இரண்டு வாரம் போனேன். அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்ததை விடப் புரத மாவு டப்பா விற்க முயன்றதே அதிகம். பணம் போனது போகட்டும். வீட்டிலேயே நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், இரண்டு கையிலும் ஐந்து ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி மொட்டைமாடிக்கு நடை. வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. தசைப் பங்குக்கு இது போதும், 150 நிமிடம் நடையின் பங்கு. புரதத்துக்கும் டப்பா தேவைப்படவில்லை. நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு அதைக் கடையில் தேடுவானேன்? கொள்ளுக் கடைசல் ஒரு கரண்டி கூடியது, காலையில் ஒரு முட்டை வந்தது, களி ஒன்றானது.

ஏழு மாதத்தில் 66. இடுப்பு 88, இன்னும் எட்டு பாக்கி.

யாருக்கு எது

நேரமே இல்லாதவர், என் நாத்தனார் மாதிரி: தட்டில் தொடங்குங்கள். ஆனால் தசைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். இருபது நிமிடம் என்பது ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்கிற நேரம். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் கடை வாசலிலேயே நடந்தாலும் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும்.

ஏற்கெனவே எடை குறைத்து அதைக் காப்பாற்றப் போராடுகிறவருக்குப் பதில் தலைகீழ். இங்கே நடைதான் முன்னால். அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது திரும்ப ஏறாமல் வைத்திருப்பவர்கள் அதில் சேரலாம். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தினம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறவர்கள், அதிலும் நடைதான் அதிகம். என் தம்பியிடம் இல்லாதது இதுதான்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் வெட்டக் கூடாது. என் பெரியப்பா மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, காலை இட்லியை மட்டும் விட்டுவிட்டு நடக்கப் போய், பென்னாகரம் ரோட்டில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் கடலை மிட்டாய் கொடுத்துத் தேற்றினார். சாப்பாடு குறைந்தால் மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் அல்ல.

இன்னொன்று, எங்கள் இரு மாவட்டத்துக்கே உரியது. முட்டி வலிக்கிறது, எடைதான் காரணம், நடந்தால் சரியாகும் என்று வயதானவர்களை மைதானத்துக்கு அனுப்புகிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தண்ணீர் திறந்தார்கள். அதற்கு முன் முப்பது நாற்பது ஆண்டு போர்த் தண்ணீர் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகியிருந்தால் அது எடையால் மட்டும் வந்ததாக இருக்காது. எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு நடக்கட்டும். அதுவரை அவர்களுக்குத் தட்டுதான் பாதுகாப்பான வழி.

எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசியைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். அது மருத்துவர் எழுதித் தர வேண்டியது. அதில் இறங்கினாலும் தசை சேர்ந்தே போகும் என்பதால் கேன் தூக்குகிற வேலை மிச்சமாகாது.

என் வீட்டுக்காரர் இப்போது டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீயோடு எழுந்து வந்துவிடுகிறார், ஞாயிறு மட்டும் ஒரு போண்டா. இரண்டு மாதத்தில் இரண்டரை கிலோ. நடையை ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை.

போன வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து செந்தூரா ஒரு கூடை வந்தது. மாம்பழம் கூடாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் போல, கூடையைப் பார்த்துக்கொண்டே சுற்றினார். ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தேன். 260 கிராம். தோலும் கொட்டையும் போக 165 கிராம் சதை, கலோரி நூறு. அரை மணி நேர நடை. பால், சர்க்கரை, ஐஸ்கிரீம் போட்டு மில்க்‌ஷேக் ஆக்கினால் மூன்று மடங்குக்கு மேல் போகும், அது வேண்டாம் என்றேன். மாமியார் திண்ணையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "பழத்தக்கூட நிறுத்துத் திங்கற காலம் வந்துடுச்சா" என்று சொல்லி, நிறுக்காத ஒன்றை எடுத்துக் காம்பைக் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சத் தொடங்கினார். அவர் எடை 48 கிலோ. நான் ஒன்றும் சொல்லவில்லை.